அகஸ்டஸ் டெஸ்டேயின் நாட்குறிப்பு
(நரம்பு நோய் ஒன்றின் வரலாறு)

கி.பி. 1822-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில், இங்கிலாந்தின் தென்கிழக்குக் கரையிலுள்ள ராம்ஸ்கேட்டிலிருந்து ஸ்காட்லாந்தின் மலைநாட்டுக்கு ஓர் இளைஞர் பயணம் சென்றார். தந்தையைப் போல் அன்பு பாராட்டிய உறவினர் ஒருவருடன் சில நாள் தங்கி வருவது அவர் நோக்கம். போய்ச் சேர்ந்தபோது அவ்வுறவினர் இறந்து கிடந்தார். அடக்கம் முடிந்த சில நாள்களில் இளைஞருக்கு ஒரு விந்தை நேர்ந்தது. கடிதங்களைத் தாமே படிக்க இயலவில்லை. வேறொருவர் படித்துக் காட்டவும், மறுமொழி எழுதித் தரவும் வேண்டியதாயிற்று. தொலைவிலுள்ளவற்றைப் பார்ப்பதில் இடர் ஒன்றும் தோன்றவில்லை. எழுத்தைப் படிக்க முனைந்தபோதும், இறகுப் பேனாவைச் சீவ அமர்ந்தபோதுமே கண் மங்கியது தெரிந்தது. பின்னர் அவர் அயர்லாந்துக்குச் சென்றார். மருந்து எதுவும் இடாமலே கண் தெளிந்துவிட்டது.

இவ்வளவும் அவரே தம் நாட்குறிப்பில் எழுதி வைத்த செய்தி. மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்று இன்று உலகம் அறிந்துள்ள நோயை, அதைத் தாங்கியவரே முதற்குறியிலிருந்து விடாமல் பதிந்து வைத்த மிகப் பழைய சான்றாக மருத்துவ வரலாற்றாசிரியர் இதனைக் கொள்வர். ஆலந்து நாட்டின் ஸ்கீடாம் நகரில் 1380 முதல் 1433 வரை வாழ்ந்த லிட்வினா என்னும் துறவிப் பெண்ணுக்கும் இந்நோயே இருந்தது என்று கூறுவாரும் உளர். பனிக்கட்டியில் சறுக்கி விழுந்து, பின் படிப்படியாக உறுப்புகள் செயலிழந்தவர் அவர். அவரைப் பற்றியவை அடியார் வரலாறாக எழுதப்பட்டவை; அவற்றைக் கொண்டு நோயை உறுதி செய்வது அரிது. டெஸ்டேயின் குறிப்போ ஐயத்துக்கு இடம் வைக்கவில்லை.

அவர் முழுப் பெயர் அகஸ்டஸ் பிரெடரிக் டெஸ்டே. இங்கிலாந்து அரசர் மூன்றாம் ஜார்ஜின் பேரர். 1794 சனவரியில் பிறந்தவர். எனினும் அரச மரபில் அவருக்கு இடமில்லை. அவருடைய தந்தையான சசெக்ஸ் கோமகன், 1793-இல் ரோமாபுரியில் அகஸ்டா மரே என்னும் சீமாட்டியை, அரசரின் ஒப்புதல் பெறாமல் மணந்தார். ஒப்புதலின்றி அரச குடும்பத்தார் மணம் செய்தால் அது செல்லாது என்று 1772-ஆம் ஆண்டுச் சட்டம் கூறியது. ஆகவே குழந்தை பிறந்த அதே 1794-இல் பெற்றோரின் மணம் செல்லாததாக்கப்பட்டது. மகன் தன் பிறப்புரிமைக்காக வாழ்நாளின் பெரும்பகுதி போராடினார். அவ்வழக்கின் முடிவு பின்னே வரும்.

முதல் தாக்குதலுக்குப் பின் சில ஆண்டுகள் பெரும்பாலும் நலமாகவே கழிந்தன. 1826-இல் கண்ணில் மீண்டும் இடர். 1827-இல் இத்தாலி நாட்டில் இருந்தபோது நோய் தன் முழு உருவைக் காட்டிற்று. வெனிஸ் நகரில் ஒரு நாள் இடது கண்ணை அடுத்த நெற்றிப்பொட்டில் உணர்ச்சி மங்கி மரத்திருப்பதைக் கண்டார். பிளாரன்ஸ் நகரை அடைந்தபின் பார்வை குழம்பியது. நவம்பர்த் தொடக்கத்தில் பொருளெல்லாம் இரட்டையாகத் தெரிந்தன. ஒவ்வொரு கண்ணும் தனித்தனியே ஒரு காட்சி கண்டதாம். வரவழைக்கப்பட்ட மருத்துவர் பித்தமே காரணம் என்றார். நெற்றிப்பொட்டில் இருமுறை அட்டை விட்டு இரத்தம் உறிஞ்சப்பட்டது. பேதி கொடுத்தார்கள், வாந்தி எடுக்க வைத்தார்கள், கையிலும் இருமுறை நரம்பு கீறி இரத்தம் வடித்தார்கள். பித்தத்தின்மேல் பழிபோடுவது தமிழ் நாட்டு வைத்தியருக்கு மட்டும் உரியதன்று; அந்நாள் ஐரோப்பாவிலும் அதுவே கைகண்ட விடை.

கண் தெளிந்தது. உடனே கால் தளர்ந்தது. மாடிப்படி ஏறி இறங்குவது முந்திய நாளைவிடக் கடினமாவதை நாள்தோறும் குறித்து வந்தார். டிசம்பர் 4-ஆம் நாள் அளவில் கால்களின் வலிமை முற்றும் அகன்றது. ஒரே நாளில் இருமுறை தரையில் விழுந்தார். ஏறத்தாழ மூன்று வாரம் அந்நிலை நீடித்தது. இம்முறை வேறொரு மருத்துவர் வந்தார். முன்னவர் இரத்தத்தை வடித்தார். இவரோ நாளுக்கு இருவேளை மாட்டிறைச்சியும் திராட்சை மதுவும் ஊட்டி, உடலைத் தேய்க்கச் சொன்னார். மெல்ல மெல்ல நடை திரும்பியது.

இதற்குப் பின் இருபது ஆண்டுகள் நாட்குறிப்பில் ஓடுகின்றன. ஜெர்மனி நாட்டு டிரிபுர்க் நகரின் இரும்புச் சத்து நீரில் குளியல், கடற்குளியல், உடலைத் தேய்த்தல், மின்சாரம் பாய்ச்சுதல் என்று வந்த மருத்துவர்தோறும் ஒரு முறை. சிறுநீர் கழிப்பதில் இடர், கால்களில் மரப்பு, கோலின்றி நிற்க முடியாமை, இரவில் தசைகள் வெட்டி இழுத்தல், தலைச்சுற்றல் என்று நோய் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிற்று. ஒவ்வொன்றையும் அவர் நாளும் இடமும் இட்டு எழுதினார். தன்னிரக்கம் மிகக் குறைவு. அளவும் வரையறையும் மிகுதி. இவ்வளவு தூரம் நடந்தேன், இத்தனை முறை அறையைச் சுற்றினேன் என்னும் போக்கிலேயே எழுத்துச் செல்கின்றது. 1843-இல் தந்தை இறந்தார். கோமகன் பட்டத்துக்கு உரிமை கோரி டெஸ்டே தொடுத்த வழக்கைப் பிரபுக்கள் சபை 1844-இல் தள்ளிற்று. அக்காலத்தில் அவர் சக்கர நாற்காலியைச் சார்ந்திருந்தார். குறிப்புகள் 1846-இல் நின்றுபோகின்றன. அப்போதும் உடல் தேறிவரும் என்னும் நம்பிக்கை அவரை விடவில்லை. 1848 டிசம்பரில், தம் 54-ஆம் வயதில், நோயின் பெயரை அறியாமலே அவர் இறந்தார்.

மருத்துவர் பெயரைச் சொல்லாமல் மறைத்தார்கள் என்பதில்லை. பெயரே அன்று பிறக்கவில்லை.

ஆனால் நோயின் தடத்தைக் கண்ட கண்கள் அன்றும் இருந்தன. ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ராபர்ட் கார்ஸ்வெல் என்னும் மருத்துவர் பாரிஸ் நகர ஆஸ்பத்திரிகளில் இறந்தோர் உடல்களை அறுத்துக் கண்டவற்றை வண்ண ஓவியமாகத் தீட்டுவதில் வல்லவர். 1838-இல் வெளிவந்த அவருடைய நூலில் தண்டுவடத்தில் பழுப்பு நிறத் திட்டுகள் சிதறிக் கிடக்கும் படம் ஒன்று உள்ளது. பாரிஸ் பேராசிரியர் குருவேயியே 1829 முதல் 1842 வரை பகுதி பகுதியாக வெளியிட்ட பெருநூலிலும் அத்தகைய படங்கள் உண்டு. கார்ஸ்வெல் இறந்தபின் கண்ட உடலை மட்டுமே வரைந்தார்; குருவேயியே உயிரோடிருந்தபோது அந்நோயாளர் பட்ட துன்பத்தையும் சேர்த்து எழுதினார். அவருங்கூட வியர்வை அடைபட்டதே காரணம் என்று எண்ணினார். 1849-இல் ஜெர்மானியரான பிரெரிக்ஸ், நோயாளர் உயிரோடிருக்கும்போதே இந்நோயை இன்னதென்று காட்டலாம் என்றார். அக்காலத்தார் பலர் அதை நம்பவில்லை.

எனவே லண்டனில் ஒருவர் குறிகளை எழுதிக்கொண்டிருந்தார். பாரிஸில் இருவர் தழும்புகளை வரைந்துகொண்டிருந்தார்கள். இரண்டையும் ஒன்றாக வைத்துப் பார்க்க ஓர் ஆள் வேண்டியிருந்தது. அவ்வாள் ழான் மார்தான் ஷார்க்கோ. 1825-இல் பாரிஸ் நகரில் வண்டி கட்டும் தொழிலாளி ஒருவரின் மகனாகப் பிறந்தவர். 1862-இல் சால்பெத்ரியேர் என்னும் ஆஸ்பத்திரியில் பொறுப்பேற்றார். அவ்விடம் முன்பு வெடியுப்புக் கிடங்கு. பின் ஏழைப் பெண்களையும் முதியவர்களையும் தீராத நோயினரையும் அடைத்து வைக்கும் இல்லமாயிற்று. ஷார்க்கோவின் காலத்தில் ஏறத்தாழ ஐயாயிரம் பெண்கள் அங்கே இருந்தனர். மேன்மை தேடிய மருத்துவர் எவரும் விரும்பும் இடமன்று.

ஷார்க்கோ அங்கே ஒரு வாய்ப்பைக் கண்டார். டெஸ்டேயைப் பார்த்த மருத்துவர்கள் பலர். ஒருவர் பிளாரன்ஸில், ஒருவர் ஜெர்மனியில், ஒருவர் லண்டனில். ஒவ்வொருவரும் நோயின் ஒரு துண்டைக் கண்டனர். முழுமையைக் கண்டது நாட்குறிப்பு ஒன்றே. சால்பெத்ரியேரில் அடைபட்ட ஏழைப் பெண்ணுக்குப் போக வேறிடமில்லை. நுழைந்த நாள் முதல் இறக்கும் நாள்வரை அவளை ஒரே மருத்துவர் காணலாம். இறந்தபின் மூளையையும் தண்டுவடத்தையும் நுண்பெருக்கியின்கீழ் வைத்துக் காணலாம். இந்நோயைப் பற்றிய அறிவு அப்பெண்களின் வறுமையின்மேல் கட்டப்பட்டது என்று சொன்னால் மிகையாகாது. வரலாற்று நூல்களில் ஷார்க்கோவின் பெயர் நிற்கின்றது. அவர்களுள் பெரும்பாலோர் பெயர் நிற்கவில்லை.

அவர்களுள் ஒருத்தியைப் பற்றிய கதையைச் சிக்மண்ட் பிராய்டு, ஷார்க்கோ இறந்த 1893-இல் எழுதிய நினைவுரையில் கூறியுள்ளார். கை நடுக்கத்தால் எங்கும் வேலை கிடைக்காத பெண்ணொருத்தியை ஷார்க்கோ தம் வீட்டுப் பணிக்கு அமர்த்தினார். அவள் உடைத்த தட்டுகளும் பாத்திரங்களும் சிறு செல்வத்தை விழுங்கின. ஷார்க்கோ அவளை நீக்கவில்லை. அவள் இறந்தபின் உடலை ஆய்ந்தபோது, தாம் வேறொரு நோயென்று எண்ணியது இத்திட்டு நோயே என்று கண்டார். இரக்கமா ஆராய்ச்சி வேட்கையா என்று கேட்டால், இரண்டும் என்று கொள்வதே நேர்.

1866-இல் நண்பர் வுல்பியானுடன் சேர்ந்து மூவரைப் பற்றிய செய்தியை மருத்துவர் கழகத்தில் எடுத்துரைத்த ஷார்க்கோ, 1868-இல் ஆற்றிய விரிவுரைகளில் நோய்க்குப் பெயரும் வடிவும் தந்தார். அக்காலம்வரை நடுக்கம் என்றால் எல்லாம் ஒன்றே என்ற குழப்பம் இருந்தது. பார்கின்சன் நோயில் கை சும்மா இருக்கும்போது நடுங்கும். இந்நோயிலோ கை சும்மா இருக்கும்போது அடங்கியிருக்கும். தண்ணீர்க் குவளையை எடுக்கக் கை நீட்டியவுடன் ஆட்டம் தொடங்கி, வாயை நெருங்க நெருங்க மிகும். இத்தகைய நடுக்கம், கண்மணிகள் நிலைகொள்ளாமல் ஆடுதல், அசை அசையாகப் பிரிந்து வரும் பேச்சு ஆகிய மூன்றையும் அவர் நோயின் முதன்மைக் குறிகளாகக் காட்டினார். பின்வந்தோர் இம்மூன்றையும் ஒருசேரத் தேடி, காணாதபோது நோயில்லை என்று தவறியதும் உண்டு. மூன்றும் ஒன்றாக வருவது சிலரிடமே. ஷார்க்கோவின் புகழே சிறிது காலம் ஆராய்ச்சிக்குத் தடையாயிற்று போலும்.

பெயரைப் பற்றியும் ஒரு சொல். பிரெஞ்சில் ‘திட்டுத் திட்டாகக் கெட்டிப்படுதல்’ என்னும் பொருளில் அவர் பெயரிட்டார். ஆங்கில மருத்துவர் சிதறிய கெட்டிப்பு என்ற பொருள்படும் பெயரை வெகுகாலம் வழங்கினர். 1955-இல் மக்கால்பைன், காம்ப்ஸ்டன், லம்ஸ்டன் மூவரும் எழுதிய நூலுக்குப் பின் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்பதே நிலைத்தது. தமிழில் ‘தண்டுவட மரப்பு நோய்’ என வழங்குவர். மரத்தல் என்பது மரம்போல் இறுகுதலையும் உணர்விழத்தலையும் ஒருங்கே சுட்டுவதால் அச்சொல் மிகப் பொருத்தமே. ஆனால் தண்டுவடம் என்பது பாதி உண்மை. மூளையிலும் கண்ணரம்பிலும் அதே திட்டுகள் தோன்றுவதை அப்பெயர் மறைத்துவிடுகின்றது.

கெட்டிப்பட்ட திட்டு என்பது என்ன? நரம்பிழைகள் பலவற்றைச் சுற்றி மயலின் என்னும் கொழுப்பு உறை உண்டு. 1854-இல் விர்ஹோ இட்ட பெயர் அது. மின்கம்பிக்கு மேலுறை எப்படியோ, நரம்பிழைக்கு மயலின் அப்படி. இவ்வுவமைக்கும் மலாயாவுக்கும் தொடர்புண்டு. சிங்கப்பூரில் இருந்த மருத்துவர் மாண்ட்கோமரி 1843-இல் கெத்தா பெர்ச்சா மரத்துப் பாலின் மாதிரிகளை லண்டனுக்கு அனுப்பினார். 1851-இல் இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் இடையே கடலடியில் இட்ட தந்திக் கம்பி அப்பாலைப் பூசியே செய்யப்பட்டது. உறை கிழிந்த கம்பியில் செய்தி தடுமாறும், சிலவேளை நின்றுபோகும். உடலின் காப்புப் படையாகிய வெள்ளணுக்கள், பகையென்று மயங்கி மயலினைத் தாக்குவதே இந்நோய். தாக்குதல் தணிந்தபின் உறை ஓரளவு சீர்ப்படும். ஆகவே டெஸ்டேயின் கண் தெளிந்தது. தாக்குதல் பன்முறை ஆகும்போது உறையோடு இழையும் அழியும்; ஆகவே அவர் கால் திரும்பவில்லை. கண்ணில் தைக்கும் நரம்பு தாக்கப்பட்டால் மங்கல். மூளைத் தண்டில் தாக்கப்பட்டால் இரட்டைப் பார்வை. தண்டுவடத்தில் தாக்கப்பட்டால் கால் தளர்ச்சியும் சிறுநீர் இடரும். ஒரே நோய் இத்தனை வேடம் பூணுவதன் காரணம் இதுவே.

இதனால் நோயை அறிவதற்கு இன்றுவரை நிற்கும் நெறி பிறந்தது: வெவ்வேறு காலத்தில், வெவ்வேறு இடத்தில் தாக்குதல் நிகழ்ந்ததைக் காட்ட வேண்டும், வேறு நோய் இல்லை என்பதையும் காட்ட வேண்டும். 1822-இல் கண்ணரம்பு, 1827-இல் மூளைத் தண்டு, பின் தண்டுவடம் என்று டெஸ்டேயின் ஏடு இவ்விலக்கணத்தைத் தானே நிறைவேற்றுகின்றது. கருவிகள் பின்னர் வந்தன. 1891-இல் குவிங்கே முதுகில் ஊசியிட்டு மூளைத் தண்டுவட நீரை எடுக்கும் முறையை வகுத்தார். 1940-களில் கபாட் அந்நீரில் காப்புப் புரதம் மிகுந்திருப்பதைக் கண்டார். வெப்பத்தில் குறிகள் மிகுவதை 1890-இல் ஊட்டோப் கவனித்ததை ஒட்டி, ஐயப்பட்ட நோயாளரை வெந்நீர்த் தொட்டியில் இருத்திப் பார்க்கும் கொடுமையும் சில காலம் நடந்தது. காந்த அலைப் படக் கருவி அதற்கெல்லாம் முடிவு கட்டிற்று. 1981-இல் லண்டன் ஹாமர்ஸ்மித் ஆஸ்பத்திரியில் பத்து நோயாளரைப் படம் எடுத்தபோது, பழைய எக்ஸ்ரே அடுக்குப் படம் 19 திட்டுகளைக் காட்டிய இடத்தில் புதுக் கருவி மேலும் 112 காட்டியது. 2001-இல் இயன் மக்டோனால்டு தலைமையில் வகுத்த விதிகள், பலமுறை திருத்தப்பட்டு, இன்று உலகெங்கும் பின்பற்றப்படுகின்றன.

மருந்தின் வரலாறு மகிழ்ச்சி தருவதன்று. ஷார்க்கோ பொன், துத்தநாகம், வெள்ளி ஆகியவற்றின் உப்புகளைக் கொடுத்துப் பார்த்தார். பயன் கிட்டவில்லை என்று ஒப்புக்கொள்ளும் நேர்மை அவரிடம் இருந்தது. பின்வந்த பலரிடம் அது இல்லை. ஆர்சனிக் கொடுத்தார்கள், செயற்கையாகக் காய்ச்சல் வரவழைத்தார்கள், குருதி உறைவதே காரணம் என்று அமெரிக்காவில் பட்னம் கூற, குருதி உறையாமைக்கு மருந்து கொடுத்தார்கள். ஒவ்வொன்றுக்கும் குணமடைந்தோர் பட்டியல் ஒன்று இருந்தது. தானே வந்து தானே தணியும் நோயில் எந்த மருந்தும் வென்றதாகத் தோன்றும். 1822-இல் அயர்லாந்தில் ஒரு வைத்தியர் ஏதேனும் ஒரு குடிநீரைக் கொடுத்திருந்தால், அரசர் பேரரின் கண்ணைத் திறந்த மருந்தென்று அது விலைபோயிருக்கும். மருந்து எதுவும் இடவில்லை என்று டெஸ்டே எழுதி வைத்த அவ்வொரு வரி, பின்வந்த நூறாண்டுச் சிகிச்சைப் பட்டியல்களைவிட உண்மைக்கு நெருங்கியது.

இம்மயக்கத்தை நீக்க ஒரே வழி, நோயாளரைப் பிரித்து, ஒரு சாராருக்கு மருந்தும் மற்றொரு சாராருக்கு வெறும் ஊசியும் இட்டு, யாருக்கு எது என்று எவரும் அறியாமல் ஒப்பிடுவது. 372 பேரைக் கொண்டு அவ்வாறு நடந்த ஆய்வின் முடிவில் பீட்டா இன்டர்பெரான் என்னும் மருந்து தாக்குதல்களை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைத்தது. 1993-இல் அமெரிக்க அரசு அதற்கு ஒப்புதல் தந்தது. ஷார்க்கோ இறந்து சரியாக நூறாண்டு! அதன்பின் மருந்துகள் விரைந்து வந்தன. தாக்குதல் வரும்போது ஸ்டீராய்டு மருந்தைக் குருதிக் குழாயில் ஏற்றி அதன் கால அளவைக் குறைப்பர். தாக்குதல் வாராமல் தடுக்க ஊசியும் மாத்திரையும் உண்டு. மாத்திரையாக வந்தவற்றுள் 2010-இல் ஒப்புதல் பெற்ற பிங்கோலிமாடு, ஜப்பானிய அறிஞர் ஒரு காளானினப் பொருளிலிருந்து வழிகண்டது. தொடக்கம் முதலே இடைவிடாமல் வளரும் வகைக்கு 2017-இல்தான் ஓக்ரெலிசுமாப் என்னும் முதல் மருந்து கிடைத்தது. இவையெல்லாம் வருவதைத் தடுப்பன. போனதை மீட்பன அல்ல. ஆகவேதான் முதல் தாக்குதலிலேயே நோயை இனங்காண்பது இன்று இவ்வளவு முதன்மை பெறுகின்றது.

இந்நோய் குளிர்நாடுகளில் மிகுதி, நிலநடுக்கோட்டை ஒட்டிய நாடுகளில் குறைவு. ஆடவரைவிடப் பெண்டிரையே மிகுதியும், பெரும்பாலும் 20 முதல் 40 வயதுக்குள் பற்றும். 2020-ஆம் ஆண்டுக் கணக்குப்படி உலகில் ஏறத்தாழ 28 இலட்சம் பேர். ஆசிய நாடுகளில் இன்னொரு சிக்கல் இருந்தது. கண்ணரம்பையும் தண்டுவடத்தையும் மட்டும் கடுமையாகத் தாக்கும் ஒரு வகை ஆசியரிடம் மிகுதியாகக் காணப்பட்டது; நெடுங்காலம் அதை இந்நோயின் ஆசிய வடிவம் என்றே எழுதினர். 1894-இல் பிரான்சின் லியோன் நகரில் டெவிக் விளக்கிய நோய் அது. அது வேறு நோயே என்பதை 2004-இல் அமெரிக்க, ஜப்பானிய ஆய்வாளர் சேர்ந்து கண்ட ஒரு குருதிப் பொருள் காட்டியது. ஒன்றுக்குக் கொடுக்கும் இன்டர்பெரான் மற்றொன்றை மோசமாக்கக் கூடும் என்பதால், கீழ்நாட்டு நோயாளர் பலருக்கு இச்சோதனை உயிர்நிலையானது.

காரணம் என்ன என்னும் கேள்வி ஷார்க்கோவின் மாணவர் பியேர் மரி, தொற்றுநோய்க் கிருமியே என்று 1884-இல் கூறிய நாள் முதல் இருந்து வருகின்றது. 2022-இல் அமெரிக்கப் படைவீரர் ஒரு கோடிக்கு மேற்பட்டவரைக் கொண்ட தொகுதியிலிருந்து நோயுற்றோரின் குருதி மாதிரிகளை மற்றவருடையவற்றோடு ஒப்பிட்டு ஆய்ந்தவர்கள், எப்ஸ்டீன் பார் என்னும் மிகப் பரவலான கிருமி தொற்றியபின் இந்நோய் வரும் வாய்ப்பு 32 மடங்கு உயர்வதைக் காட்டினர். அக்கிருமி ஏறக்குறைய எல்லார் உடலிலும் உள்ளது; மிகச் சிலருக்கே நோய் வருகின்றது. இடையே உள்ள கண்ணிகளைத் தேடுவது இன்னும் நடைபெறுகின்றது.

டெஸ்டேயின் நாட்குறிப்பை மருத்துவர் டக்ளஸ் பிர்த் 1941-இல் மருத்துவ உலகுக்கு அறிமுகம் செய்தார். 1948-இல் கேம்பிரிட்ஜில் அது நூலாக வெளிவந்தது. எழுதியவர் இறந்து அப்போது நூறாண்டு ஆகியிருந்தது. பிளாரன்ஸில் அட்டை விட்ட மருத்துவருக்குப் புலப்படாத நோய், அந்நூலைப் படித்த நரம்பு மருத்துவர்களுக்கு முதற் சில பக்கங்களிலேயே புலப்பட்டது.